பாயிண்ட் கணக்கும் சர்க்கியூட் கணக்கும்

புதுச்சேரி வைசியாள் வீதி போன்ற தெருக்களில் இருக்கும் பழைய தமிழ் வீடுகள், மின்சாரத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. திண்ணை, ரேழி, முற்றம், தாழ்வாரம் எல்லாம் முடிந்த பிறகு வந்த விருந்தாளி அது. மெட்ராஸ் டெரஸ் கூரையின் தேக்கு உத்தரத்தை ஒட்டி ரீப்பர் கட்டை அடித்து, கிளிப் வைத்து ஒயரை ஓட்டினார்கள். கூடத்தில் ஒரு குண்டு பல்பு, அடுக்களையில் ஒன்று, சுவரில் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச். வாசல் பக்கம் இரும்புப் பெட்டியில் மெயின் சுவிட்ச், அருகில் பீங்கான் கிட்கேட் ப்யூஸ் ஒன்றோ இரண்டோ. ப்யூஸ் போனால் முழு வீடும் இருட்டு. அவசரத்துக்குத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி மாட்டிவிடுகிற ஆபத்தான வழக்கமும் இருந்தது.

அப்படியும் காலம் ஓடியதற்குக் காரணம் உண்டு. பத்து 40 வாட் பல்பும் இரண்டு மின்விசிறியும் சேர்ந்தால் சுமார் 550 வாட். 230 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர்கூட வராது. ஒரே சர்க்கியூட் அதைத் தாங்கியது.

இன்று ஒரு 2 கிலோவாட் கீசர் மட்டுமே ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கிறது. அன்றைய முழு வீட்டைப்போல மூன்றரை மடங்கு! அதற்கு மேல் ஏசி, இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், இன்வெர்ட்டர், மின் ஸ்கூட்டர். அதே பழைய வீடுகள் பல, அறைக்கொரு ஏசி வைத்து விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. லாஸ்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் எழும் புது வீடுகளில் ஒயர் சுவருக்குள் போய்விட்டது. கிட்கேட் இருந்த இடத்தில் அதே வேலையைச் செய்யும் எம்.சி.பி. சுவிட்ச் வரிசை.

மாறாதது கேள்விதான். எலக்ட்ரீஷியன் கூலி பேசுவது பாயிண்ட் கணக்கில். அதனால் வீட்டுக்காரரும் 'எத்தனை பாயிண்ட்?' என்றே கேட்கிறார். அந்த பாயிண்டுகளை எத்தனை சர்க்கியூட்டாகப் பிரிக்கிறீர்கள் என்று கேட்பவர் குறைவு.

இந்திய நடைமுறை விதிகள் இதில் தெளிவானவை. விளக்கு, மின்விசிறி, சின்ன பிளக் எல்லாம் சேர்த்து ஒரு சர்க்கியூட்டில் பத்து பாயிண்ட் அல்லது 800 வாட். அதற்கு மேல் கூடாது. 16 ஆம்பியர் பிளக் என்றால் ஒரு சர்க்கியூட்டுக்கு இரண்டு. பிரான்சின் என்.எஃப். சி 15-100 விதி இன்னும் ஒரு படி மேலே போய், படுக்கையறைக்குக் குறைந்தது மூன்று பிளக், சமையலறைக்கு ஆறு என்று குறைந்தபட்சத்தையே எண்ணிச் சொல்லிவிடுகிறது. 1954-ல் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து கைமாறிய ஊருக்கு அந்த விதி செல்லாது, யோசனை செல்லும். பிளக் போதுமான அளவு இருந்தால் எக்ஸ்டென்‌ஷன் பாக்ஸ் தேவைப்படாது.

பிரான்ஸ் உறவு மிகுந்த ஊர் என்பதால் இன்னொன்று. அங்கிருந்து கொண்டுவரும் சாதனங்களின் இரண்டு பின் பிளக்கில், எர்த் இணைப்பு அந்நாட்டு சாக்கெட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் பின் வழியாகத்தான் கிடைக்கும். நம் சாக்கெட்டில் செருகினால் சாதனம் ஓடும், எர்த் கிடைக்காது. பிளக்கை மாற்றிவிடுவதே நல்லது.

இரண்டு படுக்கையறை வீட்டுக்கு என் கணக்கு இது: விளக்கு, மின்விசிறிக்கு இரண்டு சர்க்கியூட் – ஒன்று போனாலும் மற்றது எரியும். சமையலறைக்கு இரண்டு, வாஷிங் மெஷினுக்கு ஒன்று, ஏசி ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒன்று, கீசருக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது. ஸ்கூட்டர் சார்ஜ் செய்ய ஒன்று சேர்த்தால் பத்து. விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்பது இன்றைய பொது வழக்கம்.

மாடி வீடென்றால் தளத்துக்குத் தளம் பிரிப்பது இந்த ஊரில் கட்டாயம் என்பேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. சர்க்கியூட் தனித்தனியாக இருந்தால்தான் கீழ்த்தளத்தை மட்டும் அணைத்துவிட்டு மாடியில் வெளிச்சத்தோடு இருக்க முடியும். கீழ்த்தள பிளக்குகளை உயரத்தில் வைப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

கடைசிக் காவல், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவி. எம்.சி.பி. ஒயரைக் காக்கும், மனிதரைக் காப்பது இதுதான். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் கலந்துவிட்டால் இது அடிக்கடி விழும். எரிச்சலில் ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிடுகிறார்கள். கழற்ற வேண்டியது அந்தத் தவறான இணைப்பை.

வீடு கட்டப்போகிறவர்கள், சுவரில் காடி வெட்டுவதற்கு முன்பே சர்க்கியூட் பட்டியலை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், எந்த எம்.சி.பி. எதற்கு என்று அவை இருக்கும் டி.பி. பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். பூச்சு முடிந்தபின் கூடுதல் சர்க்கியூட் கேட்டால், செலவு ஒயருக்கு மட்டும் ஆகாது, சுவருக்கும் சேர்த்து ஆகும்.