நிழல் மரமும் பேரொட்சிசோமும்

ஹட்டனில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் நான், பேரொட்சிசோமுக்கு இரண்டு வரிக்குமேல் ஒதுக்கியதில்லை. ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், எங்க மலையில நிழல் மரமெல்லாம் வெட்டிட்டாங்க. வெயில் காலத்துல கொழுந்தே இல்ல, அம்மாவுக்கு அரைப்பேருதான் விழுது. வெயில் கூடினா ஒளித்தொகுப்பும் கூடத்தானே வேணும்?”

கூடாது. தண்ணீர்த் தட்டுப்பாடு ஒரு காரணம். இன்னொன்று அந்த இரண்டு வரிக்குள் கிடந்தது.

காபனீரொட்சைட்டைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ நொதியம், சில நேரம் ஆள் மாறி ஒட்சிசனைப் பிடித்துவிடும். இலை சூடேற ஏற இந்தத் தவறு கூடும். வரட்சியில் இலைவாய்கள் மூடிக்கொண்டால் இன்னும் மோசம். அதனால் உண்டாகும் கிளைக்கொலேற்றைப் பச்சையவுருமணி பக்கத்திலுள்ள பேரொட்சிசோமுக்குத் தள்ளுகிறது. அங்கே அது ஒட்சியேறும்போது ஐதரசன் பேரொட்சைட்டு பிறக்கிறது. காயத்தில் ஊற்றினால் நுரைக்குமே, அதே சாமான்தான். கூடினால் கலத்தையே பழுதாக்கும். பேரொட்சிசோமுக்குள் இருக்கும் கற்றலேஸ் அதை அங்கேயே நீராகவும் ஒட்சிசனாகவும் உடைத்துவிடுகிறது. (காயத்தில் எழும் நுரையும் நம் உடம்பின் கற்றலேஸ் செய்கிற வேலைதான்.) 1960களில் கிறிஸ்டியன் டி டூவ் இந்தப் பெயரை வைத்ததே இந்தப் பேரொட்சைட்டை வைத்துத்தான். தொழிற்சாலையில் கொழுந்து கறுக்க உதவும் பேரொட்சிடேஸ் வேறு ஆள். பெயர் ஒற்றுமையால் பிள்ளைகள் பரீட்சையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மிச்சப் பொருள் இழைமணிக்குப் போய், திரும்பவும் பேரொட்சிசோம் வழியாகப் பச்சையவுருமணிக்கு வந்து சேரும். நான்கு காபனில் மூன்று மீளும், ஒன்று காபனீரொட்சைட்டாக வெளியேறும். இதுதான் ஒளிச்சுவாசம். வீண்விரயத்தை இவ்வளவுக்குக் குறைத்த படைப்பாளனின் ஏற்பாட்டை நினைத்தால் சுப்ஹானல்லாஹ் என்று வாய் சொல்கிறது. ஆனாலும் நட்டம் நட்டம்தான். கொழுந்தாக வேண்டியது காற்றோடு போகிறது.

தேயிலை காட்டு மரங்களின் அடியில் வளர்ந்து பழகிய செடி. கிரவிலியா போன்ற மரம் மேலே நின்றால் இலை அவ்வளவு சூடேறாது, அந்த நட்டமும் குறையும். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் நிழல் மரங்களைப் பரிந்துரைப்பதும் சும்மா இல்லை.

நிழல் எப்போதும் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய், மழையும் மூடுபனியுமாக இலை காயாமல் கிடக்கும் மாதங்களில்தான் பரவுகிறது. அதனால் மழைக்கு முன் கிளை கழிப்பார்கள். கழித்த கிளை அடுத்த வெயிலுக்குள் தழைக்கும். அந்த மாணவியின் மலையில் கழிக்கவில்லை, அடியோடு வெட்டியிருக்கிறார்கள்.