விளக்கும் விழியும்

இரவில் ஊர்தி செலுத்துவோனுக்கு முகப்பு விளக்கு மூன்றாவது கண்ணாகும். ஆயினும், தனக்கு வழிகாட்டும் அவ்விளக்கே எதிரே வருவோன் கண்ணை மறைத்துவிடவும் கூடும். ஆகவே, அதனை ஆளும் முறையை அனைவரும் அறிதல் வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் முகப்பு விளக்கை உற்று நோக்குங்கள். உள்ளே பளபளக்கும் குழியாடி ஒன்றும், அதன் நடுவே மின்குமிழ் ஒன்றும் இருக்கும். ஆலசன் குமிழ்கள் பலவற்றில் இரண்டு மின்னிழைகள் உள்ளன. ஓர் இழை குழியாடியின் குவியத்தை ஒட்டி அமைந்தது. அங்கிருந்து எழும் ஒளி ஆடியில் பட்டு, ஏறக்குறைய இணைகதிர்களாக நெடுந்தொலைவு செல்லும். இதுவே உயர்கதிர். மற்றோர் இழை குவியத்திற்குச் சற்று முன்னே உள்ளது. அதன் அடியில் சிறியதோர் உலோகக் கிண்ணம் உண்டு. கீழே செல்லும் ஒளியை அது தடுப்பதால், ஆடியின் மேற்பாதியில் மட்டுமே ஒளி படும். பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்பி அண்மையிலுள்ள சாலையை விளக்கும். இதுவே தாழ்கதிர்.

இவற்றை எப்போது பயன்படுத்துவது? தெருவிளக்குகள் எரியும் ஊரினுள் தாழ்கதிரே போதும். இருண்ட, ஆளரவமற்ற நெடுஞ்சாலையில் உயர்கதிர் வேண்டும். ஆனால், எதிரே ஓர் ஊர்தி தோன்றியவுடன் தாழ்கதிருக்கு மாறிவிட வேண்டும். முன்னே செல்லும் வண்டியைத் தொடரும்போதும் அவ்வாறே செய்க. இல்லையேல், அவ்வண்டியின் பக்கக் கண்ணாடியில் நம் ஒளி பட்டு ஓட்டுநரின் கண் கூசும். மூடுபனியில் உயர்கதிர் பயன்படாது. நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கே திருப்பிவிடும்.

கண் கூசுதலைச் சிறு தொல்லை என எண்ணற்க. பேரொளி பட்டவுடன் கண்மணி விரைந்து சுருங்கும். இருளில் அது மீண்டும் விரிவதற்கோ நேரம் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடி கண் தெரியாவிடின், 50 மீட்டர் தூரம் ஓட்டுநன் குருடனாகவே செல்கிறான். அந்த 50 மீட்டருக்குள் சாலையோரமாக நடந்து செல்லும் முதியவர் ஒருவர் இருந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இவ்வுண்மையை அறியாத இளைஞர் சிலர், மிகுந்த ஒளியே மிகுந்த பாதுகாப்பு எனக் கருதி விளக்கை மாற்றியமைக்கின்றனர். 35 வாட் குமிழை நீக்கி 100 வாட் குமிழைப் பொருத்துகின்றனர். 12 வோல்ட் மின்கலத்தில் முன்னது ஏறத்தாழ 3 ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். பின்னதற்கு 8 ஆம்பியருக்கு மேல் வேண்டும். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். எனவே, அதே கம்பியில் ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பம் உண்டாகிறது. அதனால் கம்பியின் உறை உருகலாம், விசை கருகலாம், தீயும் பற்றலாம்.

ஆலசன் குமிழுக்கென வடித்த ஆடியில் எல்.இ.டி. குமிழைச் செருகுவோரும் உளர். ஒளி பிறக்கும் இடம் சற்றே பிறழ்ந்தாலும் கதிர்கள் மேலும் கீழும் சிதறும். தாழ்கதிர் என்பது பெயரளவில் நிற்கும். தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென வடிவமைத்த விளக்குகளில் இக்குறை நேராது. குமிழும் ஆடியும் ஒன்றற்கொன்று அளவெடுத்துச் செய்யப்பெற்றவை என்பதே இதனால் பெறப்படும் உண்மை.

இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. விளக்கிற்கு 8 மீட்டர் முன்னே, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண்ணுடைய ஒருவருக்குக் கூச்சம் உண்டாகாதவாறு ஒளியைத் தாழ்த்த இயல வேண்டும் என்பது விதி. அவ்வுயரம் நின்றுகொண்டிருக்கும் மனிதனின் கண் உயரமே அன்றோ?

வெளிச்சம் குறைவாயின் முதலில் செய்யத்தக்கவை எளியவை. கண்ணாடியில் படிந்த தூசியைத் துடையுங்கள். மின்கலத்தைச் சோதியுங்கள். சமதரையில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒருவரை அமரச் செய்து, தாழ்கதிரின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்திற்குக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். மேலே விழுந்தால் விளக்கின் சாய்வைத் திருத்துங்கள்.

எதிரே வருவோன் உயர்கதிரைத் தாழ்த்தாவிடின், நாமும் உயர்கதிரை வீசிப் பழிதீர்த்தல் தகாது. அது ஒருவருக்குப் பதில் இருவரைக் குருடாக்கும். வேகத்தைக் குறைத்து, சாலையின் இடப்புற ஓரத்தை நோக்கிச் செல்வதே அறிவுடைமை.

கதிரைத் தாழ்த்த ஒரு விரலின் சிறு அசைவே போதும். அவ்வசைவில் முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்கும் கருணை அடங்கியிருக்கிறது. நம் வழியைக் காட்டும் விளக்கு பிறர் வழியை மறைக்காதிருப்பதே நாகரிகம் ஆகும்.