கார்ட்டூன் சொல்லும் நீதி... அப்படியே நம்பலாமா?

பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை மூலையில் போட்டதும் உங்கள் கை எதைத் தேடும்? ரிமோட்டைத்தானே!

"எப்பப் பாரு, பொம்மைப் படம்! இதைப் பார்த்துத்தான் நீ எதிர்த்துப் பேசக் கத்துக்கிட்டே" என்று அம்மா அடுக்களையில் இருந்தே சத்தம் போடுவார். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் குட்டீஸ், கார்ட்டூன் பார்க்கும்போது உங்களுக்கே எப்போதாவது எரிச்சல் வந்திருக்கிறதா? "பொய் சொன்னவனுக்கே லட்டு கிடைக்குதே, இது என்ன நியாயம்?" என்று தோன்றியிருக்கிறதா? எப்போது பார்த்தாலும் கறுப்பாக, குண்டாக இருப்பவனையே முட்டாளாகவோ வில்லனாகவோ காட்டினால் கோபம் வந்திருக்கிறதா?

வந்திருந்தால் சபாஷ்! அந்த எரிச்சல் நல்ல எரிச்சல். அதை வைத்துக்கொண்டு டி.வி. நிறுவனங்களையே மாற்றிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

சிலந்தி கடிக்காதா?

பெப்பா பிக் என்ற பன்றிக்குட்டியை உங்களில் பலருக்குத் தெரியும். 2004-ல் இங்கிலாந்தில் பிறந்த கார்ட்டூன் அது. அதில் ஒரு கதை. பெப்பாவின் வீட்டுக்குள் ஒரு சிலந்தி வந்துவிடும். பெப்பா பயப்படுவாள். "சிலந்தி ரொம்பச் சின்னது, நம்மை ஒன்றும் செய்யாது" என்று அப்பா பன்றி தைரியம் சொல்வார். கடைசியில் எல்லோரும் சிலந்தியோடு நண்பர்களாகி விடுவார்கள்.

நல்ல கதைதானே? இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு நல்ல கதைதான். ஆளைக் கொல்லும் அளவுக்கு விஷமுள்ள சிலந்திகள் அங்கே காட்டில் திரிவதில்லை.

ஆஸ்திரேலியாவிலோ கதையே வேறு! சிட்னி நகரைச் சுற்றி வாழும் புனல்வலைச் சிலந்தியின் கடி உயிருக்கே ஆபத்து. முதுகில் சிவப்புக் கோடு போட்ட இன்னொரு சிலந்தியும் உண்டு. அதுவும் விஷம்தான். அங்கே ஒரு மூன்று வயதுக் குழந்தை இந்தக் கதையைப் பார்த்துவிட்டுச் சிலந்தியைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? அதனால் 2012-ல் ஆஸ்திரேலியாவின் அரசுத் தொலைக்காட்சியான ஏ.பி.சி., அந்தக் கதையை மறுபடியும் ஒளிபரப்புவதில்லை என்று முடிவு செய்தது. 2017-ல் வேறொரு சேனல் அதே கதையைக் காட்டியபோது ஓர் அம்மா புகார் செய்தார். அந்தச் சேனலும் அதை எடுத்துவிட்டது.

நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் விளையாடும் ஒரு பையனிடம், "பாம்புக்குட்டி சின்னதுதான், ஒன்றும் செய்யாது" என்று ஒரு கார்ட்டூன் சொன்னால் விடுவோமா? கண்ணாடி விரியன் குட்டிக்கும் பிறந்த நாளில் இருந்தே விஷம் உண்டு!

ஓர் ஊரில் சரியாக இருக்கும் பாடம், இன்னோர் ஊரில் ஆபத்தாகிவிடலாம். கார்ட்டூன் எடுப்பவர் நம் ஊரைப் பார்த்திருக்க மாட்டார். நம் ஊரைத் தெரிந்தவர்கள் நாம்தான்.

ஒரே ஒரு புகார்!

டாம் அண்ட் ஜெர்ரி 1940-ல் தொடங்கிய படம். உங்கள் தாத்தா, பாட்டி காலத்தில் இருந்தே அந்தப் பூனை அந்த எலியைத் துரத்திக்கொண்டு இருக்கிறது! அந்தப் பழைய படங்கள் சிலவற்றில் புகை பிடிக்கும் காட்சிகள் வரும். ஒன்றில், ஒரு பெண் பூனையிடம் பந்தா காட்டுவதற்காக டாம் சிகரெட் சுருட்டும். இன்னொன்றில் டாமோடு டென்னிஸ் ஆடும் பூனை பெரிய சுருட்டோடு வரும்.

2006-ல் இங்கிலாந்தில் ஒரு பார்வையாளர், "சின்னப் பிள்ளைகள் பார்க்கும் சேனலில் இதெல்லாம் தேவையா?" என்று ஆஃப்காம் என்ற அமைப்புக்குப் புகார் அனுப்பினார். அந்த நாட்டில் டி.வி. சேனல்களைக் கண்காணிப்பது அந்த அமைப்பின் வேலை. புகாருக்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? படத்தை வைத்திருந்த நிறுவனம் தன்னிடம் இருந்த 1,500-க்கும் மேற்பட்ட பழைய கார்ட்டூன்களைப் புரட்டிப் பார்த்தது. புகை பிடிப்பதைப் பெருமையாகக் காட்டும் காட்சிகளை வெட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டது.

ஒரு புகார்... 1,500 படங்கள்! "நான் ஒருத்தன் சொன்னா யார் கேட்பாங்க?" என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

ஷின்சானுக்குப் போட்ட தடை

இனி நம் நாட்டுக் கதை. ஷின்சான் என்ற ஐந்து வயது வாலு, 2006-ல் ஹங்காமா டி.வி. மூலமாக இந்தியாவுக்கு வந்தான். தமிழிலும் பேசினான். அம்மாவைக் கேலி செய்வான். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். கால்சட்டையைக் கழற்றிவிட்டு ஆடுவான்!

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெற்றோர் கொதித்துப் போனார்கள். புகார்கள் குவியவே, 2008-ல் மத்திய அரசு ஷின்சானுக்குத் தடை போட்டது. பல காட்சிகளை வெட்டிய பிறகு 2009-ல் அவன் திரும்பி வந்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஷின்சான் குழந்தைகளுக்காகப் பிறந்தவனே அல்ல! 1990-ல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் ஒரு காமிக்ஸ் பத்திரிகையில்தான் அவன் முதலில் வந்தான். பிள்ளை வளர்க்கும் பாட்டைப் பார்த்துப் பெரியவர்கள் சிரிப்பதற்காக எழுதிய கதை அது. பொம்மைப் படம் என்றாலே சின்னப் பிள்ளைகளுக்குத்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். எல்லாப் பொம்மைப் படமும் அப்படி இல்லை.

அப்படியானால் தடை போட்டது சரியா, தவறா? இதைப் பற்றி வகுப்பில் ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். சேட்டையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எல்லோரும் சேட்டை செய்வதில்லை. ஆனால் உங்கள் வீட்டு மூன்று வயதுத் தம்பிக்கு எது கதை, எது நிஜம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாதே! இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

மூன்று கால் நாய்

"நம்ம கார்ட்டூன்ல கடைசியில நல்ல பாடம் சொல்றாங்களே!" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஒரு ரகசியம் இருக்கிறது.

அமெரிக்காவில் மேரி லூயிஸ் மேர்ஸ், எமிலி அகோஸ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிளிஃபோர்டு என்ற சிவப்பு நாயின் கார்ட்டூனை எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கதைக்குள் மூன்றே கால் உள்ள ஒரு நாய் வரும். மற்ற நாய்கள் முதலில் அதனிடம் பழகத் தயங்கும், பயப்படும். கடைசியில் நட்பாகிவிடும். நம்மைப் போல இல்லாதவர்களையும் மதிக்க வேண்டும் என்பதுதான் கதை சொல்ல வந்த நீதி.

"இந்தக் கதையில் இருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? "மூன்று கால் நாயிடம் அன்பாக இருக்க வேண்டும்!"

சிரிக்காதீர்கள். நாயைப் பற்றிய கதை நாயைப் பற்றியதாகவே நின்றுவிட்டது. வகுப்பில் காலை இழுத்து நடக்கும் தோழன் வரைக்கும் அந்தப் பாடம் போய்ச் சேரவில்லை.

கதையில் பெரும்பகுதி நேரம் என்ன காட்டினார்கள் என்றும் பாருங்கள். பயம், ஒதுக்கல், கிண்டல். கடைசியில்தான் நீதி. டோரேமானும் இப்படித்தான். நோபிடா வீட்டுப்பாடத்துக்கு டிமிக்கி கொடுக்க ஒரு கருவி வாங்குவான். அது கடைசியில் அவனையே மாட்டிவிடும். முழுக்கதையையும் யோசித்துப் பார்ப்பவருக்கு, 'குறுக்கு வழி உதவாது' என்ற பாடம் கிடைக்கும். பாதியில் எழுந்து போகிறவருக்கு? 'எனக்கும் அப்படி ஒரு கருவி இருந்தால்!' என்ற ஏக்கம்தான் மிஞ்சும்.

குடிகாட்டுக்குப் பறந்து வராத வீரன்

இன்னொரு கார்ட்டூன். இது நல்ல நோக்கத்தோடு எடுத்தது. பெயர் கேப்டன் பிளானெட். 1990 முதல் 1996 வரை வந்தது. காற்றையும் தண்ணீரையும் கெடுக்கும் வில்லன்களை எதிர்த்து ஐந்து சிறுவர், சிறுமியர் தங்கள் மோதிரங்களை உயர்த்துவார்கள். உடனே நீல நிற வீரன் ஒருவன் பறந்து வருவான். வில்லனுக்குப் பன்றி மூக்கு இருக்கும். இல்லாவிட்டால் எலி முகம் இருக்கும். ஊரைக் கெடுப்பதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு. படம் முடிவதற்குள் எல்லாம் சுத்தமாகிவிடும்!

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. 1980-களில் வந்தது. மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம் போன்ற ரசாயனத் தொழிற்சாலைகள் இங்கே அமைந்தன. தொழிற்சாலைகளுக்கும் உப்பனாற்றுக்கும் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் ஒன்றுதான் குடிகாடு.

அங்கே உள்ளவர்கள் பல ஆண்டுகளாகப் பட்ட பாடு காற்றில் வரும் நாற்றம். கண் எரிச்சல், இருமல் என்று புகார் சொன்னால், "ஆதாரம் எங்கே?" என்ற கேள்விதான் வரும். நாற்றத்தைப் பிடித்து எப்படிக் காட்டுவது?

2004-ல் அந்தப் பகுதி மக்கள் 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் எடுத்த ஆயுதம் என்ன தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் வாளி!

மூடி போட்ட வாளிக்குள் ஒரு தனிவகைப் பை இருக்கும். பையின் வாய் மட்டும் வெளியே திறக்கும். சின்ன பம்ப் வைத்து வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுத்தால், வெளிக்காற்று பைக்குள் புகுந்து பை உப்பும். நாற்றம் வரும் நேரத்தில் பையை நிரப்பி, இறுக மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பக்கம் இருந்து, என்ன வாடை என்று நோட்டில் எழுதியும் வைத்தார்கள். அழுகிய முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக இருக்கலாம். இப்படி ஒவ்வொரு வாடைக்கும் பின்னால் ஒரு துப்பு உண்டு.

அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்தபோது, அந்தக் காற்றில் பல நச்சு வாயுக்கள் இருப்பது தெரிந்தது. அந்த ஆண்டே அறிக்கையும் வெளிவந்தது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தியாவில் மிகவும் மாசுபட்ட 43 தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது, அதில் கடலூரும் இருந்தது.

இப்போது சொல்லுங்கள். கேப்டன் பிளானெட் சொன்ன நீதியில் எது இடிக்கிறது? மாசு செய்பவருக்குப் பன்றி மூக்கு இருக்காது. தொழிற்சாலை செய்யும் மருந்து யாருக்கோ தேவைப்படுகிறது. பக்கத்து வீட்டு மாமா அங்கேதான் வேலைக்குப் போகிறார். அவர் வில்லன் இல்லை. வேலையும் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும். அதனால்தான் இது கஷ்டமான கணக்கு. அரை மணி நேரத்தில் தீராது. வருடக் கணக்காக நோட்டில் எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் பாடத்தைக் கேப்டன் பிளானெட்டை விடக் குடிகாடு நன்றாகவே சொல்லிக் கொடுக்கும்.

நீங்களும் எழுதலாம்

அடுத்த முறை ஒரு கார்ட்டூன் உங்களை எரிச்சல்படுத்தினால், சேனலை மாற்றும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

1. கடைசியில் சொன்ன நீதி இருக்கட்டும். படம் முழுக்க எதைக் காட்டி நம்மைச் சிரிக்க வைத்தார்கள்?

2. கெட்டவனாக யாரைக் காட்டினார்கள்? அவனுடைய செயல் கெட்டதா, இல்லை நிறமும் உடம்பும் பேச்சும்தான் அவனைக் கெட்டவனாக்கியதா?

3. இந்தப் பாடத்தை நம் ஊரில் அப்படியே செய்து பார்த்தால் என்ன ஆகும்?

விடை சரியில்லை என்றால் நோட்டை எடுங்கள். சேனல் பெயர், நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், எந்தக் காட்சி, ஏன் தவறு... இவற்றை எழுதுங்கள். வாளிக்காரர்கள் எழுதியது போலவேதான்! "எல்லாம் மோசம்" என்று எழுதினால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். "இந்த இடத்தில் இது தவறு" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அப்பா, அம்மா அல்லது ஆசிரியர் துணையோடு அதைச் சேனலுக்கு அனுப்பலாம். 2021-ல் மத்திய அரசு திருத்திய கேபிள் டி.வி. விதிகளின்படி, புகார் மீது சேனல் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தப் பதில் திருப்தியாக இல்லாவிட்டால், சேனல்கள் சேர்ந்து அமைத்துள்ள புகார்க் குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே அரசின் கண்காணிப்பும் இருக்கிறது.

பிடித்ததையும் எழுதுங்கள், குட்டீஸ். தோற்றவனைக் கிண்டல் செய்யாத கதை, தப்பு செய்தவன் தானே போய் மன்னிப்புக் கேட்கும் கதை என்று நல்லவையும் வரத்தான் செய்கின்றன. அவற்றுக்கும் ஒரு கடிதம் போனால்தானே, அப்படி இன்னும் எடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும்?

என்ன, நோட்டு தயாரா?