மேல்நிலைப் பள்ளி வணிகவியல் பிரிவு (தமிழ்நாடு)

மேல்நிலைப் பள்ளி வணிகவியல் பிரிவு என்பது தமிழ்நாட்டில் 11, 12 ஆம் வகுப்புகளில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் ஆகியவற்றை முதன்மைப் பாடங்களாகக் கொண்ட பாடப்பிரிவு ஆகும். பேச்சு வழக்கில் இது காமர்ஸ் குரூப் எனப்படுகிறது.

வரலாறு

தமிழ்நாட்டில் 1978 ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. அதற்கு முன் பள்ளியிறுதித் தேர்வை முடித்தோர் கல்லூரியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு பயின்றனர். மேல்நிலைக் கல்வி வந்தபின், கல்லூரி இல்லாத சிற்றூர் மாணவர்களும் அருகிலுள்ள பள்ளியிலேயே வணிகவியல் பயில வழி ஏற்பட்டது. 12 ஆம் வகுப்பின் மொத்த மதிப்பெண் முன்னர் 1200 ஆக இருந்தது. 2018-19 கல்வியாண்டு முதல் 600 ஆனது. புதிய பாடத்திட்டம் 11 ஆம் வகுப்புக்கு 2018 இலும், 12 ஆம் வகுப்புக்கு 2019 இலும் நடைமுறைக்கு வந்தது.

பாடங்கள்

மாணவர்கள் இரு மொழிப்பாடங்களுடன் நான்கு முதன்மைப் பாடங்களைப் பயில்கின்றனர்.

* வணிகவியல்: வணிக அமைப்புகள், வங்கி, காப்பீடு, மேலாண்மை.
* கணக்குப்பதிவியல்: 11 ஆம் வகுப்பில் இரட்டைப்பதிவு முறை, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்குகள், 12 ஆம் வகுப்பில் கூட்டாண்மை, நிறுமக் கணக்குகள், விகிதப் பகுப்பாய்வு.
* பொருளியல்: 11 ஆம் வகுப்பில் பெரும்பாலும் நுண்ணினப் பொருளியல், 12 ஆம் வகுப்பில் பேரினப் பொருளியல்.
* நான்காம் பாடம்: பள்ளியைப் பொறுத்து வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல், கணினிப் பயன்பாடுகள், வரலாறு போன்றவற்றுள் ஒன்று.

உள்ளூர்ச் சூழல்

ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த கொடுமுடி போன்ற ஊர்களில் இப்பாடங்கள் அன்றாட வாழ்வோடு தொடர்புடையவை. இவ்வட்டாரத்தில் மஞ்சள், தென்னை, எள் ஆகியன பயிரிடப்படுகின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருட்கள் ஏல முறையில் விற்கப்படுகின்றன. ஈரோடு மஞ்சளுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மஞ்சளைப் பல மாதங்கள் இருப்பு வைக்கலாம் என்பதால், உடனே விற்பதா, காத்திருப்பதா என்பது உழவர் எதிர்கொள்ளும் கேள்வியாகும். எடுத்துக்காட்டாக, குவிண்டால் 10,000 ரூபாய் என்னும் விலையில் 10 குவிண்டாலை விற்காமல், அதே 1 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் கடன் பெற்று 6 மாதம் காத்திருப்பவர் 6,000 ரூபாய் வட்டி செலுத்துவார். எனவே விலை 10,600 ரூபாயைத் தாண்டினால்தான் அவருக்கு ஆதாயம். கிடங்கு வாடகையும் எடைக்குறைவும் இதில் சேரா. கடன் வாங்காதவருக்கும் அப்பணத்தால் பெற்றிருக்கக்கூடிய வருவாய் இழப்பே. இவ்விழப்பைப் பொருளியல் வாய்ப்புச் செலவு என்கிறது.

மேற்படிப்பும் பாடத் தேர்வும்

இப்பிரிவில் பயின்றோர் இளநிலை வணிகவியல், வணிக மேலாண்மை, பொருளியல், சட்டம் முதலிய படிப்புகளில் சேரலாம். பட்டயக் கணக்கறிஞர் படிப்பின் அடிப்படைத் தேர்வை எப்பிரிவு மாணவரும் எழுதலாம். எனினும் அத்தேர்வில் கணக்கியல், வணிகச் சட்டம், வணிகப் பொருளியல் ஆகியவை இடம்பெறுவதால் இப்பிரிவினருக்கு முன்பயிற்சி உண்டு.

நான்காம் பாடத் தேர்வு பின்னாளில் விளைவு தருவது. பொருளியலில் உயர்கல்வி பெரிதும் கணிதத்தைச் சார்ந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பொருளியல் சிறப்புப் படிப்பு போன்றவற்றுக்குப் பள்ளியில் கணிதம் பயின்றிருத்தல் தேவை. குறைந்த மதிப்பெண் பெற்றோருக்கான பிரிவு இது என்னும் கருத்து பரவலாக உள்ளது. அக்கருத்தால் கணிதத்தில் ஆர்வமுள்ள மாணவர் இப்பிரிவையே தவிர்ப்பதும், இப்பிரிவில் சேர்ந்தவர் கணிதம் தமக்கு வேண்டியதில்லை எனக் கருதுவதும் உண்டு. இரண்டும் மேற்படிப்புக்கான வழிகளைக் குறுக்குகின்றன. 10 ஆம் வகுப்பு முடித்த நிலையிலேயே இம்முடிவு எடுக்கப்படுவதால், சேர்க்கைக்கு முன் தாம் விரும்பும் பட்டப்படிப்பின் தகுதிகளை மாணவர் அறிந்திருத்தல் நன்று.

இவற்றையும் பார்க்க

* கணக்கியல்
* பொருளியல்
* ஈரோடு மாவட்டம்