எதை விற்பது, எதை வைத்திருப்பது?

சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு வரும் கோழி வியாபாரி, வளவுக்குள் நுழைந்ததும் எந்தக் கோழியைக் காட்டி விலை கேட்பார் என்பது வாசகர்களுக்குத் தெரியும். இருப்பவற்றுள் தடித்ததும் இறகு மினுங்குவதும் எதுவோ அதைத்தான் கேட்பார். அன்றைக்குப் பார்த்துப் பிள்ளையின் கொப்பிக்கோ மருந்துக்கோ காசு தேவைப்படும். நாமும் பிடித்துக் கொடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது நோஞ்சல். அடுத்த முறை அடை வைப்பது அந்த நோஞ்சலின் முட்டைகளைத்தான். இப்படி நாலைந்து வருடம் கழிந்தபின் "இனம் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொள்கிறோம். இனம் தானாகக் கெடவில்லை. நாமே தெரிவு செய்தோம், ஆனால் தலைகீழாகத் தெரிவு செய்தோம்.

எமது வாசகர்களில் சிலரிடம் றோட் ஐலண்ட் றெட் போன்ற தூய இனக் கோழிகள் ஐந்தோ பத்தோ இருக்கின்றன. அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். தூய இனத்தின் பெறுமதி என்னவென்றால், தாயைப் போலவே மகளும் வரும். எனவே ஒவ்வொரு தலைமுறையிலும் நல்லதை வைத்துக்கொண்டு போனால் முன்னேற்றம் சேர்ந்துகொண்டே போகும். முட்டைக்கென விற்கப்படும் கலப்பின லேயர் கோழிகள் அப்படியல்ல. அவை வேறுவேறு பரம்பரைகளைச் சேர்த்துப் பெற்றவை. அவற்றின் முட்டையில் குஞ்சு எடுத்தால், தாயின் திறமை குஞ்சுகளில் சிதறிப்போகும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் காசு கொடுத்துத்தான் குஞ்சு வாங்கவேண்டும்.

நல்ல கோழி எது என்று அறிவதுதான் கடினம். அதிகம் முட்டையிட்ட பேட்டின் முட்டையை அடை வைத்தால் போதும் என்று எவரும் நினைப்பர். படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலத்து விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1898ஆம் ஆண்டளவில் பிளிமத் றொக் இனக் கோழிகளில் ஒரு பெரும் முயற்சி தொடங்கியது. ஒவ்வொரு பேடும் இட்ட முட்டையைத் தனித்தனியே எண்ணினார்கள். முதல் வருடத்தில் 160 முட்டைக்குக் குறையாமல் இட்ட பேடுகளே தாய்க் கோழிகள். 200 முட்டை இட்ட பேட்டின் மகனே சேவல். ஒன்பது வருடம் இப்படி நடந்தது. கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, சராசரி முட்டை எண்ணிக்கை கூடியிருக்கவில்லை!

1907இல் அங்கு பொறுப்பேற்ற றேமண்ட் பேர்ல் என்ற விஞ்ஞானி முறையை மாற்றினார். ஒரு பேடு தான் எத்தனை இட்டது என்பதோடு நில்லாமல், அதன் மகள்மார் எத்தனை இட்டார்கள் என்று பார்த்தார். மகள்மார் நன்றாக இட்ட குடும்பங்களை மட்டும் வைத்துக்கொண்டார். அதன்பின் முட்டை கூடத் தொடங்கியது.

இதன் காரணம் எளிது. ஒரு பேடு அதிகம் இடுவதற்கு நல்ல தீன் கிடைத்தது, பருவத்தில் பொரித்தது, நோய் வராமல் தப்பியது என்று பல காரணம் உண்டு. இவை எதையும் அது பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. இரத்தத்தில் உள்ளதை மட்டுமே கொடுக்கும். முட்டை எண்ணிக்கையில் இரத்தத்தின் பங்கு சிறிது. உடல் நிறையிலும் முட்டையின் பருமனிலும் அது பெரிது. ஆகையால் நிறைக்குக் கோழியையே பார்த்துத் தெரியலாம். முட்டைக்கு அதன் குடும்பத்தைப் பார்க்கவேண்டும். சேவலோ முட்டையிடாது. அதன் சகோதரிகளும் மகள்மாரும்தான் அதற்குச் சாட்சி.

ஆராய்ச்சி நிலையத்துக் காரியம் ஓலைக் கொட்டிலில் நடக்குமா என்று கேட்கலாம். எட்டுப் பேடு உள்ள வீட்டில் நடக்கும். ஒரு கொப்பியும் ஒரு பொறிக்கூடும் போதும். பொறிக்கூடு என்பது முட்டையிடும் பெட்டிதான். பேடு உள்ளே போனதும் வாசற் பலகை விழுந்து மூடிக்கொள்ளும்படி செய்வது. ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது போய்த் திறந்துவிட வேண்டும்; மறந்தால் வெக்கையில் கோழி செத்துப்போகும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் இப்படிக் கணக்கெடுத்தாலும் ஒன்றோடொன்று ஒப்பிடப் போதும். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் இந்த வேலையை விருப்பத்தோடு செய்வார்கள்.

அடை வைக்கும்போது ஓர் அடைக்கு ஒரே தாயின் முட்டைகளை வையுங்கள். நன்றாக இடும் பேட்டிடம் பத்து நாளில் ஏழு முட்டையாவது சேரும். அதற்குமேல் வைத்திருந்தால் பொரிப்பது குறையும். இருபத்தொரு நாளில் குஞ்சு வந்ததும் கால் விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் சிறு துளை இட்டு அடையாளம் செய்யலாம். ஒரு காலுக்கு இரண்டாக நான்கு சவ்வுகள் உண்டு. எதில் துளை, எதில் இல்லை என்று மாற்றி மாற்றிப் பதினாறு குடும்பங்களைப் பிரித்தறியலாம். துணி கட்டினால் அவிழ்ந்துவிடும், அல்லது வளரும் காலை இறுக்கும்.

ஒப்பிடும்போது ஒரே கிழமையில் பொரித்தவற்றையே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மாரியில் பொரித்ததையும் கோடையில் பொரித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அநியாயம்.

காசு தேவைப்படும் வீட்டுக்கு நாம் வலியுறுத்திச் சொல்லக்கூடியது இதுதான்: விற்பதற்கும் சமைப்பதற்கும் உரியவை சேவல்கள். எட்டுப் பேட்டுக்கு ஒரு சேவல் போதும். பத்து இளஞ்சேவல் வளர்ந்தால் ஒன்பதை விற்கலாம். எந்த ஒன்பது என்பதில்தான் கவனம். வியாபாரி வருமுன்பே வைத்திருக்க வேண்டிய சேவலுக்கு அடையாளம் இட்டுவிடுங்கள். அது எவ்வளவு விலைக்குப் போனாலும் கொடுக்கக்கூடாது. இளம் பேடுகளை முட்டையிடத் தொடங்கி மூன்று மாதமாவது பார்த்தபின் பிரியுங்கள்.

யாக்கோபு மாமனார் வீட்டில் மந்தை மேய்த்த கதையை ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவரும் சொந்த வீட்டை விட்டு ஓடிவந்தவர்தான். பலத்த ஆடுகள் பொலியும்போது மட்டும் தண்ணீர்த் தொட்டியில் கொப்புகளைப் போட்டார், பலவீனமானவற்றுக்குப் போடவில்லை. வரிக் கொப்பைப் பார்த்தால் வரிக்குட்டி பிறக்கும் என்பதை இன்றைய விஞ்ஞானம் ஏற்காது. பலத்ததைப் பிரித்து வைத்ததை ஏற்கும்.

இனி ஓர் ஆபத்து. ஒரே சேவலும் அதன் மகள்மாரும் பேத்திமாருமாக ஒரு வளவுக்குள் நின்றால் இரத்தம் நெருங்கிப்போகும். முட்டை பொரியாது, பொரித்த குஞ்சும் தேறாது. ஒரு சேவலும் எட்டுப் பேடும் தனித்து நின்றால் ஒரு தலைமுறையில் இந்த நெருக்கம் நூற்றுக்கு 14 அளவில் ஏறும். இத்தகைய நான்கு வீடுகள் ஒன்று சேர்ந்து ஒரே மந்தையாக நடத்தினால் அது மூன்றரை அளவுக்கு இறங்கும். முறை இலகு. பேடுகள் அந்தந்த வீட்டிலேயே நிற்கும். முதல் வீட்டில் தெரிந்த இளஞ்சேவல் இரண்டாம் வீட்டுக்கும், இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாம் வீட்டுக்கும், மூன்றாவது நான்காவதுக்கும், நான்காவது முதலாவதுக்கும் போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் இதே திசையில் சுற்றவேண்டும்.

எம்மவர்க்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோதும், 2009இல் வன்னியிலும், கூட்டைத் திறந்துவிட்டு வெறுங்கையோடு நடந்தவர்கள் எத்தனை பேர்! நோய் வந்தாலும், மரநாய் புகுந்தாலும், ஒரு வீட்டுக் கோழிகள் ஓர் இரவில் போய்விடலாம். நான்கு வீட்டில் பரவியிருக்கும் பரம்பரை அப்படி அழியாது. இழந்த வீட்டுக்கு மற்ற மூன்று வீடும் ஆளுக்கொரு அடை முட்டை கொடுத்தால் மறுபடி தொடங்கலாம்.

முட்டையை மட்டும் நோக்கித் தெரிவு செய்த லெக்கோண் போன்ற இனங்களில் அடைகிடக்கும் குணம் பெரும்பாலும் போய்விட்டது. மின்சாரப் பொரிகருவி உள்ளவர்களுக்கு அது நட்டமல்ல. எங்களுக்கு நட்டம். ஒழுங்காக அடைகிடந்து, குஞ்சைப் பிராந்துக்குக் கொடுக்காமல் வளர்க்கும் பேடு பத்து முட்டை குறைய இட்டாலும் அதைக் கழிக்காதீர்கள். ஊர்ப்பேடு ஒன்றை அடைக்கென்று வைத்திருப்பதும் நல்லது. அதன் முட்டை மட்டும் அடையில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு திறமாகத் தெரிவு செய்தாலும் நியூகாசில் நோய்க்கு அது மருந்தாகாது. தடுப்பு மருந்தை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக் காலத்துக்குப் போடவேண்டும். மாற்றிக்கொள்ளும் சேவலை வந்த அன்றே பேடுகளோடு விடாமல், இரண்டு கிழமை வேறாகக் கட்டி வைத்துப் பாருங்கள். அந்த நாட்களில் உங்கள் கோழிகளுக்கு முதலில் தீன் வைத்துவிட்டு, புதுச் சேவலிடம் கடைசியாகப் போங்கள்.