ஸ்கேனுக்கு முதல் நாள் இரவு

மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளையை ஸ்கேன் எடுக்கப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போகும். பஸ் காசு வேறு. அங்கே பிள்ளை அழுது புரண்டு, படம் எடுக்க முடியாமல் இன்னொரு திகதியோடு திரும்பினால் இன்னொரு பேரும் போகும். பிள்ளையின் குழப்படி என்று பழியை அதன் தலையில் போட்டுவிடுகிறோம். என்ன நடக்கப்போகிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை என்பதே பெரும்பாலும் உண்மைக் காரணம்.

அல்ட்ராசவுண்டில் பிரச்சினை குறைவு. வயிற்றில் பூசும் ஜெல் குளிரும், அவ்வளவுதான். சி.ரி. ஸ்கேனில் படம் பிடிக்கச் சில வினாடிகள் போதும், ஆனால் அது கதிர்வீச்சால் எடுப்பது. ஐரோப்பாவின் 9 நாடுகளில் ஏறக்குறைய 10 லட்சம் இளையோரைத் தொடர்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, சி.ரி. எடுத்த 10,000 பிள்ளைகளில் ஒருவருக்கோ இருவருக்கோ அடுத்த 12 ஆண்டுகளுக்குள் அதனால் இரத்தப் புற்றுநோய் வரலாம் என்று கணக்கிட்டது. வைத்தியர் அவசியம் என்ற ஸ்கேனைத் தவிர்க்கும் அளவுக்கு இது பெரிய ஆபத்தல்ல. ஆனால் பிள்ளை அசைந்ததற்காக இரண்டாம் முறை எடுக்க நேராமல் பார்த்துக்கொள்ள இது நல்ல காரணம். எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. ஆனால் குழாய்க்குள் அரை மணி நேரமளவு அசையாமல் கிடக்க வேண்டும், சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். மேலைநாட்டு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் போலி இயந்திரத்தில் பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பழக்குகிறார்கள். அப்படிப் பழகியவர்களுக்கு மயக்க மருந்து குறைவாகவே தேவைப்படுகிறது. லயத்து வீட்டில் அதற்கு ஒரு வாங்கு போதும். பிள்ளை அதன் கீழே மல்லாந்து படுக்க, அக்கா மேலே வாளியைத் தட்ட, நூறு எண்ணும்வரை மூக்குச் சொறியக்கூடக் கை எடுக்கக் கூடாது.

முன்கூட்டிச் சொன்னால் பயந்துவிடும் என்பார்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு கிழமைக்கு முன்பே சொன்னால் அப்படி நடக்கலாம். முதல் நாள் சொன்னால் போதும். ஊசி இருக்கிறதென்றால் இருக்கிறதென்றே சொல்ல வேண்டும். ‘கடைக்குப் போறோம்’ என்று கூட்டிப்போய் ஏமாற்றப்பட்ட பிள்ளை அடுத்த கிளினிக்குக்கும் சேர்த்தே அழும்.

மயக்கம் கொடுத்துவிட்டால் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். மிகச் சிறியவர்களுக்கும் சில நோயாளிப் பிள்ளைகளுக்கும் அது தவிர்க்க முடியாதது. ஆனால் அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்: திட உணவுக்குப் பொதுவாக 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4. பிள்ளை பசியில் அழுகிறதென்று பஸ்ஸில் ஒரு வாய் பால் தேத்தண்ணி கொடுத்தாலே காரியம் கெட்டது.

இதெல்லாம் ஆஸ்பத்திரியின் வேலையல்லவா? ஆம், அவர்களுடைய வேலையும்தான். தமிழ் 1987 முதல் அரசியலமைப்பின்படி அரச கரும மொழி. ஆனாலும் இயந்திர அறையில் பிள்ளையின் காதில் விழுவது ‘ஹெலவென்ன எபா’ என்ற சிங்களமாக இருக்கலாம். அசையாதே என்று அர்த்தம் என முதல் நாள் இரவே சொல்லிக்கொடுப்பது தாய் இனாமாகச் செய்யும் ஆஸ்பத்திரி வேலை. பதிலுக்கு ஆஸ்பத்திரி செய்யக்கூடியது பெரிய செலவில்லாதது: திகதி எழுதித் தரும் துண்டின் பின்பக்கத்தில், எத்தனை மணிக்குப் பிறகு எதுவும் கொடுக்கக் கூடாது, தாயத்து, அரைஞாண், ஊக்கு எவற்றைக் கழற்றி வைக்க வேண்டும், யார் கூட உள்ளே வரலாம் என்று தமிழில் நான்கு வரி.