மணமுறிவுச் சமரசம்: கையொப்பமிடும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளைக்கு ஒரு பெண்மணி வீட்டுக் கடன் கேட்டு வந்தார். நிலையான வேலை, போதிய ஊதியம். ஆயினும் அவருடைய கடன் வரலாற்றில் பல தவணைகள் தவறியிருந்தன. “அந்தக் கடன் என்னுடையதன்று. மணமுறிவின்போது வீட்டையும் கடனையும் அவரே ஏற்றுக்கொண்டார்” என்று கூறி, நீதிமன்றத் தீர்ப்பின் நகலை எங்கள் முன் வைத்தார். அவர் கூறியது உண்மையே. ஆனால் பழைய கடன் ஒப்பந்தத்தில் அவரும் இணைக் கடனாளியாகக் கையொப்பமிட்டிருந்தார். அதை எவரும் மாற்றவில்லை. கணவனும் மனைவியும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு, அதில் பங்கேற்காத வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவருடைய விண்ணப்பத்தை எங்களால் ஏற்க இயலவில்லை.

மணமுறிவு என்பது மனத்துயரின் காலம். அக்காலத்தில் கணக்கு வழக்குகளைப் பார்ப்பது பலருக்குக் கசப்பாக இருக்கும். ஆயினும் பின்னர் வரும் துன்பங்களுள் பெரும்பகுதி, அன்று பார்க்கத் தவறிய கணக்கிலிருந்தே பிறக்கிறது.

சமரசத்திற்கு முன் ஆயத்தம்

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கை விசாரிக்கும் முன் இணக்கத்திற்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கியுள்ளது. சமரசர் தீர்ப்பு வழங்குபவர் அல்லர். முடிவை எடுப்பவர்கள் இரு தரப்பினரே. ஆகவே விவரங்களைக் கையில் வைத்திருப்பவரே தெளிவாகப் பேச முடியும்.

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பினரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில், ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் நெறிப்படுத்தியது. எனவே இவ்விவரங்களை முன்கூட்டியே திரட்டுவது எவ்வகையிலும் வீணாகாது.

மூன்று பட்டியல்கள் போதும். முதலாவது, சொத்துகள்: வைப்புத்தொகை, பரஸ்பர நிதி, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, நகை, வீடு, மனை, ஒவ்வொன்றும் யார் பெயரில், யார் பணத்தில் என்ற குறிப்புடன். இரண்டாவது, கடன்கள், பிணையாளராகக் கையொப்பமிட்டவையும் இதில் அடங்கும். மூன்றாவது, வாடகை முதல் பள்ளிக் கட்டணம் வரையிலான மாதச் செலவு. இவற்றுடன் மூன்று ஆண்டுகளுக்கான வங்கிக் கணக்கு அறிக்கையையும் வருமான வரிக் கணக்கின் நகல்களையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கின் அறிக்கையை வங்கி தரும். துணைவரின் தனிக் கணக்கு விவரத்தை அவர் இசைவோ நீதிமன்ற ஆணையோ இன்றித் தர இயலாது.

திருமணத்திற்குப் பின் சேர்ந்ததெல்லாம் சரிபாதி என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கோவாவைத் தவிர நம் நாட்டில் பொதுவாக அத்தகைய விதி இல்லை. சொத்து யார் பெயரில் உள்ளது, பணம் யாருடையது என்பவையே முதன்மையாகப் பார்க்கப்படும். ஆனால் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சீதன நகைகளும் பொருள்களும் அவருக்கே முழு உரிமையானவை. அவற்றின் இரசீதுகள், புகைப்படங்கள், பெட்டகத்தில் உள்ளவற்றின் பட்டியல் ஆகியவற்றைத் தொகுத்து வையுங்கள்.

வீட்டின் உண்மை மதிப்பு

80 இலட்சம் ரூபாய் பெறுமான வீட்டின் மீது 45 இலட்சம் கடன் நிலுவை உள்ளதெனக் கொள்வோம். பங்கிடத் தக்கது 35 இலட்சமே. வீட்டை ஒருவர் ஏற்றால், 8.5 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 44,300 ரூபாய். இதை ஒருவரின் ஊதியம் தாங்குமா என்பதே வங்கி கேட்கும் முதற்கேள்வி. தாங்கும் எனில் மற்றவரின் பெயரைக் கடனிலிருந்து நீக்கலாம். இல்லையெனில் வீட்டை விற்றுக் கடனை அடைப்பதே நலம். உரிமை மாற்றத்திற்கான முத்திரைத்தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் யார் ஏற்பது என்பதையும் உடன்பாட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தத் தொகையா, மாதத் தொகையா?

மாதம் 15,000 ரூபாய் வீதம் 15 ஆண்டுகளுக்கு என்றால் கூட்டுத்தொகை 27 இலட்சம். ஆனால் 7 விழுக்காடு வட்டி கிடைக்கும் எனக் கொண்டால் அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 16.7 இலட்சமே. எனவே 12 இலட்சத்தை ஒரே தவணையில் தருவதாகச் சொன்னால் அது குறைவு. 27 இலட்சம் கேட்பது மிகை. மாதத் தொகையில் விலைவாசி உயர்வும், கொடுப்பவர் தவறும் அபாயமும் உண்டு. மொத்தத் தொகையில் அதை முறையாக முதலீடு செய்து காக்கும் பொறுப்பு உண்டு. மாதத் தொகை வரிக்கு உட்படக்கூடும். மொத்தத் தொகை பொதுவாக வருமானமாகக் கருதப்படுவதில்லை. இதைப் பட்டயக் கணக்கரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இணைக் கணக்கும் நியமனமும்

இருவரில் எவரும் இயக்கத்தக்க இணைக் கணக்கில் முழுத் தொகையையும் ஒருவரே எடுக்க இயலும். ஒருவர் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவித்தால், இருவரும் இணைந்து அறிவுறுத்தும் வரை பரிவர்த்தனையை நிறுத்தி வைப்பது வங்கி வழக்கம். அதற்கு முன் ஊதிய வரவையும் கடன் தவணைப் பிடித்தத்தையும் வேறு கணக்கிற்கு மாற்றிவிடுங்கள். இல்லையேல் தவணை தவறும்.

மணமுறிவால் வங்கிக் கணக்கின் நியமனம் தானே மாறாது; நீங்களே மாற்றித் தர வேண்டும். 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின்கீழ் மனைவி, மக்கள் நலனுக்காகக் கணவர் எடுத்த காப்பீடு மட்டும், அவர் விருப்பப்படி மாற்றத்தக்கதன்று.

இடைவெளியைப் பயன்படுத்துங்கள்

இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பரஸ்பர இசைவு மனுவில், முதல் மனுவுக்கும் இறுதிக் கட்டத்திற்கும் இடையே பொதுவாக ஆறு மாதங்கள் உள்ளன. தக்க வழக்குகளில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கடனில் பெயர் நீக்கம், கணக்கு முடித்தல், நகை ஒப்படைப்பு ஆகியவற்றை அக்காலத்திலேயே செய்து முடிக்கலாம். “வங்கியின் எழுத்துபூர்வ ஒப்புதல் பெற்ற பின்னரே” என்னும் நிபந்தனையை உடன்பாட்டில் சேர்க்குமாறு வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற பெண்கள் மட்டுமன்றி, பெண்கள் அனைவருமே வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

தொடக்கத்தில் நாங்கள் குறிப்பிட்ட பெண்மணி, பழைய கடன் முடியும் வரை காத்திருக்க நேர்ந்தது. உடன்பாட்டில் கையொப்பமிடுவதற்கு முன் ஒருமுறை கடன் கொடுத்த கிளைக்குச் சென்றிருந்தால், அந்த ஆண்டுகள் அவருக்கு மிஞ்சியிருக்கும். உங்கள் கிளையிலும் இதைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம்.